சுண்ணாம்பு கலக்காத சிவப்பு

அக்கா,

போன வாரம் தம்பி மகளுக்கு நிச்சயம். திருச்செங்கோட்டில் மண்டபம் பிடித்திருந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றாகப் படித்தவர்கள், தாங்களே விரும்பி வீட்டில் சொல்லிச் சம்மதம் வாங்கியவர்கள். இருவரையும் வாசலில் நிறுத்தி ஆலம் சுற்றி உள்ளே அழைத்துப் போக வேண்டும். மூத்த அத்தைக்காரி நான்தான் என்று தட்டை என் கையில் கொடுத்துவிட்டார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீர், நடுவே வெற்றிலை, அதன் மேல் கற்பூரம். தட்டை மார்பு வரை தூக்கியதும் அந்தச் சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியது.

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். வைத்துவிட்டு நான் செய்ததற்காக இந்த வாரம் முழுக்கச் சொந்தபந்தம் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது. கிழவிக்கு மூளை குழம்பிவிட்டது என்று தம்பி பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லட்டும். எனக்கு வாய் நீளம் என்று சின்ன வயதிலேயே பெயர் எடுத்தவள்தானே. ஏன் அப்படிச் செய்தேன் என்று புரிந்துகொள்ள ஒரே ஆள் நீ, நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் தோட்டத்துக் களத்தின் இரண்டு பக்கமும் இரண்டு வீடுகள். ஒன்றில் பெரியப்பா குடும்பம், இன்னொன்றில் நாங்கள். நீ பெரியப்பா மகள், என்னைவிட மூன்று வயது மூத்தவள். நம் அப்பாமார் இருவருக்கும் ஒரே தங்கை, சங்ககிரியில் வாழ்க்கைப்பட்ட அத்தை. அத்தை மகன் செல்வன் நம் இருவருக்குமே முறைமாப்பிள்ளை. உன்னை அவனுக்குத்தான் என்று நீ பாவாடை கட்டிய நாளிலிருந்தே பேச்சு. உனக்கும் அதில் சந்தோஷம்தான். அவன் பெயர் சொன்னால் உன் காது சிவக்கும். நான் அதைச் சொல்லிச் சொல்லியே உன்னை ஓட்டுவேன்.

அத்தை வீட்டு மாமா லாரி ஓட்டினார். லோடு ஏற்றி வெளியூர் லைனுக்குப் போய் அவர் திரும்பி வந்த மறுநாள், பொழுது விடிகிறபோது அத்தை நம் களத்தில் நின்றுகொண்டிருப்பாள். உதடு கிழிந்திருக்கும், இல்லை கண் வீங்கி மூடியிருக்கும். ஒரு தடவை இடுப்புப் பெல்ட்டின் இரும்புக் கொக்கி முதுகில் அப்படியே பதிந்திருந்தது. கூடவே செல்வன், டவுசரைப் பிடித்துக்கொண்டு. பெரியம்மா புளியந்தழையை வதக்கி ஒத்தடம் கொடுப்பாள். கோழி அடித்துக் குழம்பு வைப்பார்கள். சாயங்காலம் பெரியப்பா வண்டி பூட்டி, ஒரு புதுச் சீலையோடு அத்தையைக் கொண்டுபோய் அதே வீட்டில் விட்டுவிட்டு வருவார். மாமாவை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. செல்வன் அழ மாட்டான். கோழிக் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கன்றுக்குட்டியின் கழுத்தைத் தடவிக்கொண்டிருப்பான். அடி வாங்கிய பெண் காலையில் போவாள், சாயங்காலம் திரும்பி வந்துவிடுவாள் என்கிற பாடத்தை அவன் நம் வீட்டில் உட்கார்ந்துதான் படித்தான்.

அவன் வளர்ந்து மாமாவைப் போலவே லாரியில் ஏறினான். முதலில் கிளீனர், பிறகு டிரைவர். பம்பாயிலிருந்து வரும்போதெல்லாம் வாசனைச் சோப்பும் கண்ணாடி வளையலும் கொண்டுவந்து உன் கையில் கொடுப்பான். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன கதைகளை அவன் சொன்னால் களத்தில் இருக்கிற எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்போம். பொய் சொல்லக்கூடாது, எனக்கும் அவனைப் பிடிக்கும். குடித்துவிட்டுச் சலம்பும் அப்பனை அவன் வெறுத்தான். உன்னிடம் சொன்னதை நீ என்னிடம் வந்து மூச்சு வாங்கச் சொன்னாய்: "எங்கப்பனாட்டம் நா இருக்க மாட்டேன், உம்மேல சத்தியம்னு சொல்லுச்சு."

ஆனால் அவன் கிள்ளுவான். முறைக்காரன் என்ற பெயரில் ஜடையை இழுப்பான், தலையில் குட்டுவான், கையைப் பின்னால் முறுக்குவான். என் கையிலும் அவன் நகம் பதிந்திருக்கிறது. உனக்குத் தோள்பட்டையில் கன்றிப் போய்க் கருநீலமாகக் கிடக்கும். ஒரு நாள் அதைப் பெரியம்மாவிடம் நான் காட்டினேன். அவள் கிணற்றடியில் நின்ற பெண்களைப் பார்த்துக் கண்ணடித்து, "மொறைக்காரன் கிள்ளாம அடுத்தூட்டுக்காரனா வந்து கிள்ளுவான்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நம் சனத்தில் அது ஒரு விளையாட்டு. எங்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும் அந்த விளையாட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை.

நீ டைப்ரைட்டிங் படிக்கச் சங்ககிரிக்குப் போக ஆரம்பித்தது எழுபத்தொன்பதில். துணைக்கு என்னையும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு விரல் ஓடாது, உனக்குத் தண்ணீர் மாதிரி ஓடும். மாஸ்டர் உன்னைக் காட்டி மற்றவர்களைத் திட்டுவார். அந்த வகுப்புக்கு எதிரேதான் லாரி ஸ்டாண்டு. கட்டிக்கப்போறவளை டவுனுக்கு அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறானே என்று அவன் சேக்காளிகள் சாராயக் கடையில் உட்கார்ந்து அவனைச் சீண்டுவார்களாம். ஆம்பிளையா நீ என்று கேட்பார்களாம். இதையும் அவனே உன்னிடம் சொல்லி வருத்தப்பட்டான். பாவம் என்று நீ சொன்னாய்.

அதற்குப் பிறகு அவன் கேள்வி கேட்க ஆரம்பித்தான். பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், மாஸ்டர் எதற்குச் சிரித்தார், ஏன் இந்தத் தாவணி. நீ ஒவ்வொன்றையும் விட்டுக்கொடுத்தாய். ஜன்னல் ஓரத்தை விட்டாய், பூ வைப்பதை விட்டாய், வகுப்புத் தோழிகளோடு நின்று பேசுவதை விட்டாய். ஆசை இருக்கிறவன்தான் சந்தேகப்படுவான் என்று எனக்கு விளக்கமும் சொன்னாய். டிக்கெட் கொடுத்த கண்டக்டர் ஏதோ சொல்ல, நீ சிரித்துவிட்டாய். அதை யாரோ அவனிடம் போட்டுக்கொடுத்தார்கள். புளியமரத்தடியில் வைத்து உன் இரண்டு கையையும் பிடித்து நசுக்கினான். வளையல் அத்தனையும் சதைக்குள் நொறுங்கின. நான் ஊக்கு முனையால் ஒவ்வொரு சில்லாக எடுத்தேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மறுநாளே அவன் அழுதுகொண்டு வந்தான், உன் காலைத் தொட்டான், உடைந்ததைவிட அதிகமான வளையல்களை உன் கையில் மாட்டிவிட்டான். நீ ஊருக்கெல்லாம் அந்த வளையல்களைக் காட்டினாய். அவற்றுக்குக் கீழே இருந்த கட்டை யாரும் பார்க்கவில்லை.

பரீட்சை நெருங்கியபோது நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவன் லாரியை ஓரம் கட்டி நிறுத்தி, உன்னைக் கேபின் கதவருகே கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தான். நீ வலது கையால் கதவு ஓரத்தைப் பிடித்தபடி கீழே நின்றாய். பரீட்சை எழுத வேண்டாம் என்றான். கட்டிய பணம் போய்விடுமே, இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன் என்று நீ கெஞ்சினாய். அவன் உன் விரல்களைப் பார்த்தான், அக்கா. பார்த்துவிட்டுத்தான் கதவை அடித்துச் சாத்தினான். நீ கத்தக்கூட இல்லை, உன் வாய் மட்டும் திறந்தது. கதவு திறந்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் தட்டையாக இருந்தன. நகம் பிய்ந்து தொங்கியது. அவனேதான் துண்டைக் கிழித்துக் கட்டி, அவனேதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். காற்றில் கதவு அடித்துக்கொண்டது என்று வீட்டில் நீ சொன்னாய். நான் இல்லை என்றேன். லாரிக் கதவு காற்றுக்கு ஆடாது என்பது டிரைவருக்குப் பெண் கொடுத்த நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எனக்குத்தான் அறை விழுந்தது, முறைமாப்பிள்ளையைப் பற்றி நாக்கூசாமல் பேசியதற்கு.

மீதி எட்டு விரலால் நீ பரீட்சை எழுதினாய். பாஸும் பண்ணினாய். மாரியம்மன் கோயிலில் நோன்பு சாட்டித் திருவிழா தொடங்கிய சமயத்தில் முடிவு வந்தது. சேலத்தில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை இருக்கிறது, பெரியப்பாவிடம் கேட்டுச் சொல் என்று மாஸ்டர் சொல்லியனுப்பினார். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. நோன்பு முடிந்து மஞ்சள்தண்ணி நாளில் அத்தை குடும்பம் வந்தது. அந்தச் செய்தி அவன் காதுக்கும் போயிருந்தது.

மஞ்சள்தண்ணி நாள் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றித் துரத்துவார்கள். வெறும் மஞ்சள் போதாது என்று முறைமாப்பிள்ளைகள் சுண்ணாம்பைக் கலந்து சிவக்க வைத்து ஊற்றுவார்கள். மத்தியானத்துக்குள் ஊரே சிவந்து ஒழுகும். பறை முழங்கிக்கொண்டிருந்தது. அவன் பித்தளைச் சொம்போடு உன்னைத் துரத்தினான். சனங்கள் விலகி வழிவிட்டு ஊளையிட்டார்கள். நீ சிரித்துக்கொண்டுதான் ஓடினாய். வேப்பமரத்தடியில் உன் ஜடையைப் பிடித்து நிறுத்தி, தண்ணீரை ஊற்றினான். பிறகு அந்தச் சொம்பாலேயே உன் தலையில் அடித்தான். முதல் அடிக்கு நீ முட்டி போட்டாய். அவன் நிறுத்தவில்லை. "சேலத்துக்குப் போறியா, சேலத்துக்குப் போறியா" என்று கேட்டுக் கேட்டு அடித்தான். பறைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

உன் நெற்றியிலிருந்து சிவப்பு வழிந்தது. ஊர் கைதட்டியது. நீ நடிக்கிறாய் என்று நினைத்துச் சித்தி ஒருத்தி இன்னொரு குடத்தை உன் மேல் கவிழ்த்தாள். எல்லோர் மேலும் வழிந்ததும் சிவப்புத்தானே, உன்னுடையதை மட்டும் யார் தனியாகப் பார்ப்பார்கள்? நான் ஓடி வந்து உன் தலையைத் தூக்கினேன். என் உள்ளங்கையில் பட்டது சூடாக இருந்தது, கொழகொழவென்று இருந்தது. சுண்ணாம்பு வாடை அதில் இல்லை. ரத்தம் என்று கத்தினேன். கத்திய என் மேலும் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள்.

தலையில் தையல் போட்டார்கள். விஷயம் அப்போதுதான் பெரியவர்களுக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்தார்கள்? கல்யாணத்தைச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். கைக்கு வந்துவிட்டால் சந்தேகம் போய்விடும், அடங்கிவிடுவான் என்றார்கள். இளம் ரத்தம் என்றார்கள். உப்புச்சக்கரை மாற்றிக்கொள்ள நாள் குறித்தார்கள். இரண்டு வீடும் உப்பையும் சர்க்கரையையும் தட்டில் வைத்து மாற்றிக்கொண்டால் நம் சனத்தில் வாக்கு முடிந்தது, பிறகு பின்வாங்க முடியாது. நீயும் சரி என்றுவிட்டாய். உன் தலைக்கட்டை மாற்றிக்கொண்டே, உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். "என்னைய உட்டா அவனுக்கு ஆரு இருக்கறா சாமி" என்றாய். எனக்கு உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. அந்த ஆத்திரம் எனக்கும் வந்ததை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உப்புச்சக்கரை அன்று பெரியப்பா வீட்டு நடுக்கூடத்தில் பாய் விரித்து, நடுவில் தட்டுகள். நீ பட்டுச் சீலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய், முக்காடு போல இழுத்துவிட்டு, தையல் தெரியாமல். பேச்சு சேலம் வேலையைப் பற்றித் திரும்பியது. டவுன் வேலை பார்க்கிற பெண் நம் வீட்டுக்குச் சரிப்பட்டு வருவாளா என்று மாமா ஒரு மாதிரி இழுத்தார். கூடம் இறுகிப் போனது. அதைச் சமாளிக்க அத்தைதான் சிரித்துக்கொண்டு, "அதுக்கென்ன, பெரியவ வராட்டி சின்னவ இருக்கறா. எனக்கு ரண்டும் என்ற அண்ணம்பொண்ணுதான்" என்றாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். செல்வனும் வேடிக்கையாகத்தான் எட்டி, காபித் தம்ளர் எடுத்து வந்த என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். தம்ளர் விழுந்தது. எலும்பு கழன்று போவது போல இருந்தது. கூடம் முழுக்கச் சிரித்தது.

நீ தலையை நிமிர்த்தினாய். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தபோது நீ மட்டும் என் முகத்தைப் பார்த்தாய். உன் தோள் கன்றியதும் வளையல் உடைந்ததும் விரல் நசுங்கியதும் உனக்குச் சொல்லாததை என் முகம் சொல்லியிருக்க வேண்டும். நீ எழுந்து நின்று சீலைத் தலைப்பைத் தள்ளிவிட்டாய். முடியை வகிர்ந்து தையலைக் காட்டினாய். விரல்களை நீட்டினாய்.

"எனக்கு வேண்டாமுங்க. அவளுக்கும் வேண்டாமுங்க. அவள உட்டற சொல்லுங்க."

சத்தமே போடாமல் சொன்னாய். அவன் என் கையை விட்டான். தட்டை ஒரே உதையில் எத்தினான், உப்பும் சர்க்கரையும் பாயெல்லாம் சிதறின. உன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நெரித்தான். உன் கால் தரையை விட்டு எழும்பியது. பெரியப்பாவும் என் அப்பாவும் எழுந்து வருவதற்குள் நடுவில் போய் விழுந்தது அத்தைதான். உன்னை நோக்கி வீசிய அடி அவள் வாயில் பட்டது. உதடு கிழிந்தது. மாமா எப்போதும் கிழிக்கிற அதே இடம். அவன் தன் கையைப் பார்த்தபடி நின்றான்.

அத்தை ரத்தத்தைத் துடைக்கவில்லை. மகனைப் பார்த்து, "இந்தக் கை எனக்குத் தெரியுஞ் சாமி. உங்கப்பன் கையி" என்றாள். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பி, "பொண்ணு வேண்டாமுங்க அண்ணா, நாங்க பொறப்படறோம்" என்றாள்.

அதோடு விட்டுவிடுவான் என்று எல்லோரும் நினைத்தோம். நீ வேலைக்குச் சேலம் பஸ் ஏறிய முதல் மாதத்திலேயே, பட்டப்பகலில் சங்ககிரி ஸ்டாண்டில் வீல் ஸ்பேனரால் உன் தாடையை உடைத்தான். விட்டுப்போகிறாள் என்று தெரிந்த பிறகுதான் அவன் கொல்லத் துணிந்தான். ஆம்பிளையா என்று கேட்ட அதே சேக்காளிகள்தான் அவனை மடக்கிப் பிடித்தார்கள். பெரியப்பா முதல்முறையாகப் போலீஸ் ஸ்டேஷன் போய்ப் புகார் எழுதிக்கொடுத்தார். அவன் ஜெயிலுக்குப் போனான். வெளியே வந்து எந்த ஊர்ப் பக்கம் லாரி ஓட்டினான் என்று நான் விசாரித்ததில்லை. உனக்கு இடது காது போய்விட்டது. ஆஸ்பத்திரியில் உன் தலைமாட்டில் அத்தை உட்கார்ந்து கஞ்சி புகட்டினாள். பெற்ற மகனை விட்டுவிட்டு அவள் உன் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நீ அதே எட்டு விரலோடு சேலத்தில் ஓய்வு பெறும்வரை டைப் அடித்தாய். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்வாய். உன்னோடு பேச நான் எப்போதும் உன் வலது பக்கமாக வந்து உட்காருவேன். பழகிப்போய், இப்போது யாரோடு பேசினாலும் வலது பக்கம்தான் உட்காருகிறேன். நீ போன பிறகும் அது மாறவில்லை.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். தட்டைத் தூக்கிக்கொண்டு நான் நிற்கிறேன். எதிரே இருவரும். பெண்ணின் செல்போன் மணி அடித்தது. யார் அது என்று கேட்டு மாப்பிள்ளை அதைப் பிடுங்கினான். கூடப் படித்தவன் வாழ்த்துச் சொல்லக் கூப்பிடுகிறான் என்றாள். அவன் சிரித்த முகத்தோடு அவள் விரல்களைப் பின்னால் மடக்கினான். அவள் "விடுங்க" என்று மெதுவாகச் சொன்னாள். போட்டோக்காரன், அப்படியே நில்லுங்க, நல்லா இருக்கு என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சின்னஞ்சிறுசுகள் விளையாட்டு என்று என் தம்பியே சொன்னான். நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த முகம் தெரியும், அக்கா. அது என் முகம்.

தட்டைக் கீழே வைத்தேன். அவள் கையைப் பிடித்து மணமகள் அறைக்குள் கூட்டிப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். கண்ணாடி வளையல்களை மெல்ல மேலே தள்ளிப் பார்த்தேன். பழையதும் புதியதுமாகக் கன்றிய தடங்கள் இருந்தன. "ஒண்ணுமில்லீங்க அத்தை, கதவு இடிச்சிருச்சு" என்றாள். அவள் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். வெளியே நல்ல நேரம் போகிறது என்று கதவைத் தட்டினார்கள், தம்பி கத்தினான், அவன் பெண்டாட்டி அழுதாள். நான் திறக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவள் என் தோளில் தலையைச் சாய்த்து, "அத்தை, அந்த மஞ்சத்தண்ணியச் சுத்த வேண்டாமுங்க, கொட்டிறச் சொல்லுங்க" என்றாள்.